புறாப் பேருந்தில் டோக்கியோ

வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் டோக்கியோ நகருக்குச் சென்று, அந்நகரின் பழமையைத் தம் கண்ணாலேயே காணவேண்டும் என்று விரும்புவாராயின், முதல் நாளிலேயே அவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரிய நாட்டின் ஆட்சிக்கு நடுவிடமாக விளங்கிவரும் நகரம் அது. அதன் பழைய பெயர் எடோ. 1868-ஆம் ஆண்டில்தான் ‘கிழக்குத் தலைநகர்’ என்னும் பொருள்படும் டோக்கியோ என்ற பெயர் பெற்றது. இத்துணைப் பழைய நகரத்தில், பழமையின் சின்னங்கள் என்று காட்டப்படுபவற்றுள் மிகப் பல, நம் பாட்டனார் காலத்திலோ தந்தையார் காலத்திலோ எழுந்தவை! பழைய நகரம் இருக்கிறது. பழைய கட்டடம் எங்கே? இந்தக் கேள்விக்கு விடை தேட நூலகத்திற்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. அந்நகரின் சுற்றுலாப் பேருந்தில் ஓர் இருக்கை கிடைத்தாலும் போதும்.

சுற்றிக் காட்டுவதற்கென்றே பேருந்து விடும் வழக்கம் டோக்கியோவில் 1925-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. அந்த ஆண்டை மாணவர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 1923 செப்டம்பர் முதல் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, பெரும் நிலநடுக்கம் ஒன்று அந்நகரைக் குலுக்கியது. வீடுதோறும் பகலுணவு சமைத்துக்கொண்டிருந்த வேளை அது. இடிந்த வீடுகளில் அடுப்பு நெருப்பு பற்றிக்கொண்டது. நடுக்கம் கொன்றவர்களைவிட நெருப்புக் கொன்றவர்களே மிகுதி. டோக்கியோவிலும் சுற்றுப்புறங்களிலும் இறந்தோர் ஏறத்தாழ 105,000 பேர். அந்தச் சாம்பல் முற்றும் ஆறுமுன்னே, ‘வாருங்கள், எங்கள் நகரத்தைப் பாருங்கள்’ என்று ஒரு பேருந்து புறப்படுகிறது! மீண்டு எழுந்துகொண்டிருந்த நகரமே அன்று ஒரு காட்சியாக இருந்திருக்கும் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

பேருந்தில் நின்றுகொண்டு இடங்களின் கதையை எடுத்துச் சொல்லும் வழிகாட்டிப் பெண்ணோ தலைநகரில் பிறந்தவள் அல்லள். தெற்கே கியூஷு தீவில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன பெப்பு என்னும் ஊரில், அபுராயா குமஹாச்சி என்ற விடுதி முதலாளி ஒருவர் இருந்தார். கொதிக்கும் ஊற்றுகளை அவ்வூரார் ‘நரகங்கள்’ என்று அழைப்பர். அந்நரகங்களைச் சுற்றிக் காட்ட அவர் 1928-இல் பேருந்து விட்டபோது, இளம்பெண்களை வழிகாட்டிகளாக அமர்த்தினார். ஏழசையும் ஐந்தசையுமாக மாறிவரும் பழைய செய்யுள் ஓசையில் அவர்கள் ஊரின் கதையைப் பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நரகத்தைச் சுற்றிவரப் பயணச்சீட்டு வாங்கி மக்கள் போட்டியிட்டு ஏறினார்கள் என்றால், அந்தக் குரலுக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும்.

பின்னர் போர் வந்தது, சுற்றுலா நின்றது. போர் முடிந்து, நாடு அயலார் படையின் கண்காணிப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஒரு புதிய நிறுவனம் தோன்றி, மறு ஆண்டு நகரைச் சுற்றிக் காட்டும் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. அதுவே 1963 முதல் ‘ஹாட்டோ பஸ்’ எனப் பெயர் தாங்கி இன்றும் ஓடிவருகிறது. ஹாட்டோ என்றால் புறா. புறா அமைதிக்கு அடையாளம். அன்றியும், எங்கே கொண்டுபோய் விட்டாலும் புறப்பட்ட கூட்டுக்கே திரும்பி வந்துவிடும் பறவை. சுற்றுலாப் பேருந்துக்கு இதனினும் பொருத்தமான பெயரை எந்தப் புலவர் சூட்டிவிட முடியும்? அந்த வழிகாட்டிப் பெண்களைப் பற்றி 1957-இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டு நாடெங்கும் பரவிற்று. இன்று மஞ்சள் வண்ணம் பூசிய அப்பேருந்துகள் டோக்கியோ இரயில் நிலையத்தின் முன்னிருந்து புறப்படுகின்றன. நாமும் மனத்தால் ஒன்றில் ஏறி அமர்வோம்.

வழிகாட்டி பயணிகளை நோக்கி நிற்கிறாள். நமக்கு வலப்புறத்தைக் காட்ட அவள் தன் இடக்கையை உயர்த்த வேண்டும்; பழகாதவர்க்கு இது எளிதன்று. வலப்புறத்துக்கும் வலக்கைக்கும் ஜப்பானியத்தில் ஒரே சொல்தான். நம் நாட்டிலும் ‘சோற்றுக்கைப் பக்கம்’ என்று வழி சொல்வது உண்டல்லவா? ஆகவே, ‘வலக்கையைப் பாருங்கள், அதில் மிக உயரமானது நடுவிரல்’ என்று சொல்லிப் பயணிகளைச் சிரிக்க வைப்பது இத்தொழிலில் வழிவழியாக வரும் நகைச்சுவை.

புறப்படும் இடமே முதற்பாடமாக அமைந்திருக்கிறது. செங்கல்லால் ஆகிய டோக்கியோ இரயில் நிலையம், தட்சுனோ கிங்கோ என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1914-இல் எழுந்தது. நிலநடுக்கம் அதை அசைத்தது, வீழ்த்தவில்லை. ஆனால் 1945 மே 25-ஆம் நாள் இரவு விமானங்கள் வீசிய நெருப்பில் அதன் கூரையும் குவிமாடங்களும் போயின. மூன்று மாடிக் கட்டடத்தை இரண்டு மாடியாகக் குறைத்து, தற்காலிகமாக ஒரு கூரை வேய்ந்தார்கள். அந்தத் ‘தற்காலிகம்’ அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது! பழைய மூன்று மாடியும் குவிமாடங்களும் 2012-இல்தான் திரும்ப வந்தன. இடைப்பட்ட தலைமுறையினர்க்குச் சரிவுக் கூரை வேய்ந்த இரண்டு மாடிக் கட்டடமே உண்மையான டோக்கியோ நிலையம். எது பழமை, எது புதுமை என்று சொல்வது அவ்வளவு எளிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அடுத்தது பேரரசரின் அரண்மனை முற்றம். அகழியின் மேல் இரு வளைவுகளோடு தோன்றும் கற்பாலத்தைப் பலரும் ‘இரட்டைப் பாலம்’ என்று படம் எடுத்துக்கொள்வார்கள். அது 1887-இல் கட்டியது. அப்பெயர்க்கு உரிமையுடையதோ அதற்குப் பின்னால் உள்ள இரும்புப் பாலம். அதுவும் 1964-இல் புதுப்பித்தது. உள்ளே இருந்த அரண்மனை 1945-இல் எரிந்தது. இன்றுள்ளது 1968-இல் நிறைவெய்தியது. இந்த இடத்திற்கு முன்பு இருந்த எடோ கோட்டையைப் பற்றி வழிகாட்டி இரண்டு வாக்கியம் சொல்வாள். நாம் பின்னர் அங்கே திரும்பி வருவோம்.

நிஹோன்பாஷி என்ற பாலத்தைப் பேருந்து மெல்லக் கடக்கிறது. டொக்குகவா இயெயாசு என்னும் தலைவர் 1603-இல் ஷோகன் பட்டம் பெற்றார். அந்த ஆண்டிலேயே இங்கு முதல் மரப்பாலம் அமைந்தது. நாட்டின் நெடுஞ்சாலைகளின் தொலைவை இங்கிருந்தே அளப்பது வழக்கமாயிற்று. மரப்பாலம் பல முறை எரிந்தது. பல முறை எழுந்தது. இப்போதுள்ள கற்பாலம் 1911-இல் கட்டியது. அதில் பொறித்துள்ள பாலத்தின் பெயர், ஆட்சியைத் துறந்த கடைசி ஷோகனாகிய யொஷினோபுவின் கையெழுத்து. நிலநடுக்கத்தையும் குண்டுவீச்சையும் தாங்கிய அப்பாலத்துக்கு அமைதிக் காலத்தில்தான் இடையூறு நேர்ந்தது. ஒலிம்பிக் பந்தயம் நடந்த 1964-க்கு முந்திய ஆண்டில், அதன் தலைக்கு மேலேயே ஒரு விரைவுச் சாலையை அமைத்துவிட்டார்கள்! வானமே தெரியாத பாலமாக அது நின்றது. இப்போது அந்தச் சாலையை நிலத்துக்கு அடியில் கொண்டுசெல்லும் வேலை தொடங்கியிருக்கிறது. 2040-ஐ ஒட்டி மேற்சாலையை அகற்றி முடிப்பது திட்டம். நெருப்பு அழித்ததை மீட்பவர்கள், தாங்களே மறைத்ததையும் மீட்க முற்பட்டிருக்கிறார்கள். செலவு என்னவோ இதற்கே அதிகம்!

இனி அசக்குசா. எந்தச் சுற்றுலாப் பேருந்தும் இங்கு நில்லாமல் போகாது. கி.பி. 628-இல் இரு மீனவச் சகோதரர்கள் சுமிதா ஆற்றில் வீசிய வலையில் கன்னோன் என்னும் கருணைத் தெய்வத்தின் சிறிய உருவம் ஒன்று சிக்கியது என்றும், அதற்காக எழுந்ததே சென்சோஜி என்னும் கோயில் என்றும் தலவரலாறு கூறுகிறது. அந்த உருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. காணாத ஒன்றைக் காண நாள்தோறும் பல்லாயிரவர் வருகின்றனர்.

நுழைவாயிலில் செந்நிறக் காகித விளக்கு ஒன்று தொங்குகிறது; ஏறத்தாழ 700 கிலோகிராம் எடையுள்ளது. இடிவாயில் எனப் பொருள்படும் இவ்வாயில் 1865-இல் எரிந்துபோயிற்று. அதன் பிறகு 95 ஆண்டுகள் அங்கே நிலையான வாயிலே இல்லை. மட்சுஷிட்டா கோனோசுக்கே என்னும் தொழிலதிபர், நோய் நீங்கிய நன்றியாக 1960-இல் அதை எழுப்பிக் கொடுத்தார். நம் வீடுகளில் ‘நேஷனல்’ வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் அவருடைய தொழிற்சாலைப் பொருளை அறிவார்கள். எடோ காலத்து வாயில் என்று எண்ணி அதன் முன் நிற்பவர்கள், நம் நாட்டில் பல அணைகளைவிட இளைய ஒரு கட்டடத்தின் முன் நிற்கிறார்கள்.

உள்ளே உள்ள பெரிய மண்டபத்தின் கதை நெஞ்சை வருத்துவது. 1649-இல் எழுந்த மண்டபம் 1923-இன் தீயில் எரியாமல் தப்பியது. சுற்றிலும் நகரம் எரிந்தபோது கோயில் வளாகத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் உயிர் பிழைத்தனர். அந்த நினைவு மக்கள் மனத்தில் நம்பிக்கையாக வேரூன்றியது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1945 மார்ச் 10-ஆம் நாள், நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர், ஏறத்தாழ 300 அமெரிக்க விமானங்கள் வந்து இப்பகுதியில் நெருப்புக் குண்டுகளைக் கொட்டின. மக்கள் பழைய நம்பிக்கையோடு கோயிலை நோக்கி ஓடினார்கள். இம்முறை கோயிலும் எரிந்தது. அந்த ஓர் இரவில் நகரில் மாண்டவர் தொகை ஏறத்தாழ ஒரு நூறாயிரம். ஒரு தலைமுறைக்கு உயிர் தந்த அனுபவம் அடுத்த தலைமுறையை ஏமாற்றிவிட்டது.

இன்றுள்ள மண்டபம் 1958-இல் சிமிட்டியும் இரும்பும் கொண்டு கட்டியது. ஐந்தடுக்குக் கோபுரம் 1973-இல் எழுந்தது. மண்டபத்தின் கூரையில் இப்போது இருப்பவை மண் ஓடுகளும் அல்ல. டைட்டானியம் என்னும் உலோகத் தகடுகள். ஜப்பானியர் கோயில்களை அடிக்கடி புதுப்பிப்பது அவர்கள் மரபே என்று சொல்லி, இசே என்னும் ஊரின் ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவதை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அந்த விளக்கம் இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. இசேயில் பழைய முறையிலேயே மரத்தால் கட்டுகிறார்கள். இடிப்பதும் கட்டுவதும் அவர்கள் விரும்பிச் செய்வது. அசக்குசாவில் யாரும் விரும்பி எரிக்கவில்லை. சிமிட்டியில் கட்டியவர்கள் மரபைப் பின்பற்றியவர்கள் அல்லர், நெருப்பை மறவாதவர்கள்.

உண்மையில் பழமையானது ஒன்று அங்கே இருக்கிறது. மண்டபத்துக்குக் கிழக்கே, கூட்டம் குறைந்த பக்கத்தில், நிட்டென்மோன் என்ற சிறு வாயில், எடோ காலத் தொடக்கத்து மரவேலையுடன் இன்றும் நிற்கிறது. வளாகத்தில் கிங்கோ மரம் ஒன்று அந்த மார்ச் இரவின் கரியை அடிமரத்தில் தாங்கிக்கொண்டே ஆண்டுதோறும் தளிர்க்கிறது. இவற்றைப் பார்க்கப் பேருந்து தரும் நேரம் போதாது; விளக்கின் முன் படமெடுக்கும் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தால் பார்த்துவிடலாம்.

பேருந்துகள் பெரும்பாலும் நிற்காத ஓர் இடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆற்றுக்கு அப்பால், மல்யுத்த அரங்கத்துக்கு அருகில், யொகோவமிச்சோ என்னும் பூங்கா உள்ளது. படையினர்க்கு உடை தைத்த பழைய தொழிற்சாலை இருந்த வெற்றிடம் அது. நிலநடுக்க நாளில் மக்கள் தட்டுமுட்டுப் பொருள்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அந்த வெளியில் வந்து கூடினார்கள். நெருப்பு சூறாவளியாகச் சுழன்று வந்து அந்தப் பொருள்களைப் பற்றிக்கொண்டது. அந்த ஒரே இடத்தில் ஏறத்தாழ 38,000 பேர் இறந்தனர். அங்கே 1930-இல் நினைவு மண்டபம் எழுந்தது. பின்னர் 1945-இன் வான்தாக்குதல்களில் இறந்தவர்களின் சாம்பலையும் அதே மண்டபத்தில் சேர்த்தார்கள். இரு பேரழிவுகளிலும் மாண்ட ஏறத்தாழ 163,000 பேரின் எச்சங்கள் இன்று அங்கே ஒன்றாக இருக்கின்றன. இயற்கை கொன்றவர்களும் மனிதர் கொன்றவர்களும் ஒரே கூரையின் கீழ்! இவ்விரண்டையும் ஒன்றாக வைப்பது முறையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். வரலாற்று மாணவர்கள் கேட்கத்தக்க கேள்விதான் அது.

திரும்பும் வழியில் உவேனோ. அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலையோடு நம் நாட்டுக்கும் உறவு உண்டு. குண்டுவீச்சு நேர்ந்தால் விலங்குகள் கூண்டை உடைத்து வெளியேறும் என்று அஞ்சி, 1943-இல் பல விலங்குகளைக் கொன்றுவிட ஆணை பிறந்தது. அங்கிருந்த மூன்று யானைகளும் பட்டினியால் உயிர் விட்டன. கற்ற வித்தைகளைச் செய்து காட்டி அவை உணவு கேட்டன என்று அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் கதை சொல்கிறார்கள். போருக்குப் பின் டோக்கியோக் குழந்தைகள் யானை வேண்டுமென்று பண்டித நேருவுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். 1949-இல் மைசூர்ப் பகுதியிலிருந்து ஒரு யானை கப்பலேறியது. அதற்கு அவர் வைத்த பெயர், தம் மகளின் பெயராகிய இந்திரா. அந்த யானை 1983 வரை அங்கே வாழ்ந்தது.

டோக்கியோ கோபுரத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1958-இல் எழுந்தது; உயரம் 333 மீட்டர். கொரியப் போரில் உழைத்து ஓய்ந்த அமெரிக்கப் போர் வண்டிகளின் எஃகு அதன் ஒரு பகுதியில் கலந்திருக்கிறது என்பது மட்டும் நினைவில் நிற்கத்தக்கது. 2012 முதல் 634 மீட்டர் உயரமுள்ள வேறொரு கோபுரம் அதன் பெருமையைப் பறித்துக்கொண்டது.

கடற்கரையை ஒட்டிய சுக்கிஜியில், பயணிகள் திகைத்து நோக்கும் ஒரு கட்டடம் உண்டு. அஜந்தாக் குகை முகப்பை நினைவூட்டும் வளைவு, தூபிகள், கல் விலங்குகள். இது டோக்கியோவா, இந்தியாவா? ஹோங்கான்ஜி என்னும் பௌத்தக் கோயில் அது. நகரில் வேறோர் இடத்தில் இருந்த அக்கோயில் 1657-இன் பெருந்தீயில் அழிந்தது. பழைய இடம் மறுக்கப்படவே, அடியார்கள் கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்கினார்கள். சுக்கிஜி என்பதற்கே ‘கட்டிய நிலம்’ என்று பொருள். 1923-இல் அக்கோயில் மீண்டும் எரிந்தது. இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சுற்றிப் பழைய கட்டடங்களை ஆராய்ந்தவரான இட்டோ சூட்டா இன்றுள்ள கோயிலை 1934-இல் கட்டி முடித்தார். யொகோவமிச்சோ மண்டபத்தை வரைந்தவரும் அவரே.

பேருந்து, புறாவின் இயல்புப்படி, புறப்பட்ட நிலையத்துக்கே வந்து நம்மை இறக்கிவிடுகிறது. இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருந்தால், நடந்தே அரண்மனையின் கிழக்குத் தோட்டத்துக்குப் போகலாம். 1968 முதல் அது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

இங்கேதான் எடோ கோட்டையின் நடுமாளிகை நின்றது. 1638-இல் முடிந்த அது, அடித்தளத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 58 மீட்டர் உயரம் உடையது. 1657-இன் தொடக்கத்தில் ஒரு காற்று நாளில் நகரில் தீப்பிடித்தது. மூன்று இளம்பெண்களை அடுத்தடுத்துப் பலிகொண்ட ஒரு கிமோனோவை ஒரு கோயிலில் எரித்தபோது, அது காற்றில் பறந்து கூரையைப் பற்றிக்கொண்டது என்று வழிகாட்டிகள் சுவைபடச் சொல்வார்கள். கதையை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. தீயை நம்பாதிருக்க முடியாது. நகரின் பெரும்பகுதி அழிந்தது. இறந்தோர் ஒரு நூறாயிரத்துக்கும் மேல் என்பது வழிவழிக் கணக்கு. பகைவர் எளிதில் நுழையாதிருக்கச் சுமிதா ஆற்றில் பாலங்களைக் குறைத்தே வைத்திருந்தனர். ஓடிவந்த மக்கள் ஆற்றங்கரையில் சிக்கி மடிந்தனர். கோட்டையின் நடுமாளிகையும் எரிந்து விழுந்தது.

மறு ஆண்டிலேயே கல் அடித்தளத்தைப் புதிதாக எழுப்பிவிட்டார்கள். மேலே மாளிகை கட்டவேண்டியதுதான் குறை. அப்போது இளம் ஷோகனின் சிற்றப்பரும் அரசவையின் மூத்தோருமாகிய ஹோஷினா மசாயுகி தடுத்தார். இந்த உயர்ந்த மாளிகை தொலைவில் உள்ளதைப் பார்ப்பதற்கன்றி வேறெதற்கும் பயன்படுவதில்லை. இதற்குப் பொருளையும் ஆளையும் செலவிடுவதைவிட, எரிந்த நகரத்தைச் சீர்செய்வதே முதற்கடமை என்பது அவர் வாதம். ஆட்சியின் பெருமை அந்த மாளிகையில் அடங்கியிருப்பதாக எண்ணிய காலம் அது. அவையில் அந்த வாதம் வென்றது. தெருக்கள் அகன்றன, தீப்பரவாதிருக்க வெற்றிடங்கள் விட்டார்கள், அடுத்த சில ஆண்டுகளில் ரியோகோக்குவில் ஆற்றின்மேல் ஒரு பெரிய பாலமும் அமைந்தது. மாளிகை மட்டும் எழவில்லை. அதன் பின் இருநூறு ஆண்டுக் காலம் ஷோகன்கள் அந்தக் கோட்டையிலிருந்து நாட்டை ஆண்டார்கள். நடுமாளிகை இல்லாமலேயே ஆண்டார்கள்.

இன்று அதை மரத்தால் மீண்டும் கட்டவேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தின் ஒரு மூலையில், 2020 முதல், முப்பதில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நடந்தால், கருங்கல் அடித்தளம் ஏறத்தாழ 11 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். சாய்வான வழியில் மேலே ஏறிப் போகலாம். மேலே ஒன்றும் இல்லை. களைத்தவர்கள் உட்காரச் சில இருக்கைகள் போட்டிருக்கிறார்கள்.